பெரட்டுக்கு வந்த பொம்மை

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன் கோவில் திருவிழாவில் என்னை இதுவரை பல விதமாகக் கொன்றிருக்கிறார்கள். ஒரு வருடம் எரித்தார்கள். ஒரு வருடம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் கீழே புதைத்தார்கள். இன்னொரு வருடம் கொழுந்துச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பி வைத்தார்கள். பூசாரி ஒரு முறை வேப்பிலையாலேயே அடித்துக் கொன்றார். அந்த அடி மட்டும் நடிப்பில்லை. நான் அவருக்கு விற்ற சேர்ட் முதல் துவையலிலேயே சாயம் போயிருந்தது.

எப்படிக் கொன்றாலும் அடுத்த திருவிழாவுக்கு நான் எழுந்து வந்துவிடுவேன். பொம்மை சாகாது. தொடர் நாடகத்தில் அதுதான் வசதி.

ஆம், நான்தான் அந்தக் கொலைகாரப் பொம்மை. மற்ற நாட்களில் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். என் உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடையில் இரண்டாம் தட்டுக்கே ஏணி கேட்கிற ஒரே ஆள் நான். பொம்மை வேடத்துக்கு ஆள் தேடியபோது, என் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், என்னை மேலும் கீழும் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஒரே பார்வையில் நான் முழுவதும் அடங்கிவிட்டேன்.

நாடகத்தை எழுதுவதும் இயக்குவதும் மச்சான். பிழைப்புக்கு அவர் பாண், அதாவது ரொட்டி, விற்கிற த்ரீவீல் ஓட்டுகிறார். தூரத்திலிருந்தே பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் அந்தப் பாண் வண்டியில் பெரகலச் சந்தியில் தொடங்கி மலை மலையாக ஏறி, மீன் வைத்த மாலு பணிசும் ரோஸ் பாணும் விற்பார். வண்டி ஓட்டும்போது அவர் தலைக்குள் பேய்கள் ஓடும். துரை பங்களாவில் கேட்பாரற்றுக் கிடந்த பொம்மை ஒன்று தொழிலாளர் லயத்துக்குள் வந்து வீடு வீடாக, ஒவ்வொரு காம்பராவாக ஆளைக் கொல்கிறது என்பதுதான் முதல் பாகம். அதைப் போட்ட வருடம் டிவிசனே நடுங்கியது. பெண்கள் கூட்டமாகத்தான் பீலிக்குப் போனார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மந்திரித்தார்கள். மச்சான் அந்தக் காய்ச்சலைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார்.

கெட்டது நாலாம் பாகத்தில். கெடுத்தது நான்.

எங்கள் கதாநாயகி தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு மீசைக்காரர். பெண்கள் யாரும் நடிக்க வராததால் அவருக்குச் சேலை கட்டினோம். மீசையை எடுக்கச் சொன்னால் நாடகத்தை விட்டே போய்விடுவேன் என்று மிரட்டியதால், முந்தானையால் மூக்குக்குக் கீழே மூடிக்கொண்டே எல்லாப் பாகத்திலும் அழுவார். நாலாம் பாகத்தில் நான் அவரைக் குத்திக் கொல்கிறேன். அவர் விழுகிறார். முந்தானை அவிழ்ந்து தரையில் கிடக்கிறது. நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு பயங்கரமாகச் சிரிக்க வேண்டும். ஆனால் என் கண் அந்தச் சேலையில் விழுந்துவிட்டது. கீழே கிடக்கிற சேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் கைக்குத் தெரியாது. கத்தியைக் கக்கத்தில் இடுக்கினேன். முந்தானையை எடுத்து, கரையோடு கரை சேர்த்து, தாடையில் பிடித்து, இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கி, மேலே ஒரு தட்டும் தட்டினேன்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அண்ணே, அதே டிசைன்ல பச்சை இருக்குங்களா?"

அந்தச் சிரிப்பு அடங்கச் சில வருடங்கள் பிடித்தன. ஐந்தாம் பாகத்தில் பொம்மை ஆடியது. ஆறில் பொம்மைக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்ததில் பொம்மை தேர்தலில் நின்று தோற்றது. பிள்ளைகள் மேடையேறி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனில் படம் எடுத்தார்கள். எங்கள் அடுத்த காம்பரா அக்கா, நான் ஒருவரைத் துரத்திக்கொண்டு ஓடும்போதே, "தம்பி, மூச்சு வாங்குது பாரு, ஒரு வடையத் தின்னுட்டு அப்புறம் கொல்லு" என்று வாயில் ஊட்டிவிட்டார். நான் தின்றுவிட்டுத்தான் கொன்றேன்.

எனக்கு இதெல்லாம் இனித்தது. மச்சானுக்கு இனிக்கவில்லை. அவர் எழுதியது பேய்க்கதை. நான் நடித்தது தள்ளுபடி விற்பனை.

இந்த வருடம் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், மச்சான் பாண் வண்டியை எங்கள் லயத்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனும் கையுமாக வந்தார்.

"மச்சான், இதக் கேளுங்க. வெளிநாட்டுல ஒரு கொலைகாரப் பொம்மைப் படம் பாகம் பாகமா வருதுல்ல? அதுவும் நம்மளது மாதிரியே வர வரக் காமெடியாப் போச்சாம். இப்ப மறுபடியும் பழைய இருட்டுக்கே திரும்பப் போறாங்களாம்."

"எந்த இருட்டுக்கு? கரண்டு கட்டுக்கா?"

மச்சான் போனை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் செத்தா என் பொணத்துக்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"நீங்க என்ன கேக்குறீங்கங்கிறதப் பொறுத்து."

"நாமளும் திரும்புறோம் மச்சான். இந்தத் தடவை ஒரு சிரிப்புக்கூட வரக் கூடாது."

அவர் ஆசையாகச் சொன்னதைக் கோவில் கமிட்டி சட்டமாகவே சொல்லிவிட்டது. கமிட்டித் தலைவர் எங்கள் டிவிசன் கங்காணி. தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களைப் பெயர் பெயராகக் கூப்பிட்டு, யாரை எந்தத் தேயிலை மலைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறவர். பதுளையிலிருந்து ஓர் இசைக்குழுவைப் பேசி வைத்திருந்தார். அவர்களுக்கு நேரம் போதவில்லையாம்.

"பொம்மைக்கு வயசாயிருச்சுப்பா" என்றார் தலைவர். "பேய் நாடகம்னு நோட்டீஸ்ல போடுறோம். ஜனம் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்குது. மத்த டிவிசன்காரன் என்னையக் கேக்குறான், உங்க பேய் இந்த வருசம் எந்தப் பாட்டுக்கு ஆடுதுன்னு."

"இந்த வருசம் பாருங்க தலைவரே, நடுங்க வெக்கிறோம்" என்றார் மச்சான்.

"நல்லது. நடுங்க வெய்ங்க. பொம்மையப் பாத்து ஜனம் சிரிச்சுச்சுன்னா அடுத்த வருசத்திலருந்து நாடகம் இல்ல. அந்த நேரமும் பாட்டுக்குத்தான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மச்சான் என் காலை மிதித்தார்.

இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். வருடம் முழுக்க நான் கடைவாசலில் நின்று, "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க, உள்ளுக்கு வாங்க" என்று சொல்கிறவன். அக்காமார் என் தலைக்கு மேலே தொங்குகிற சேலையைப் பார்ப்பார்கள்; என்னைப் பார்க்க மாட்டார்கள். திருவிழா அன்றைக்கு மட்டும் டிவிசன் முழுவதும் என்னைப் பார்க்கும். மச்சானுக்கும் அதேதான். அவரை எல்லாரும் வண்டியின் பாட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அவர் எழுத்தாளர். அது போய்விட்டால் ஒரு பாண்காரரும் ஒரு துணிக்கடைக்காரனும்தான் மிஞ்சுவோம்.

ஆகவே பயமுறுத்தப் பழகத் தொடங்கினேன். முதலில் கண்ணாடி முன்னால். கண்ணை விரித்து, தலையைச் சாய்த்து, உதட்டை ஒரு பக்கம் இழுத்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பல் வலிங்களா? கிராம்பு தரவா?"

பிறகு கடையில் பழகினேன். சாமான் எடுக்க வந்த ஒரு பெண்ணைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. முதலாளிக்குக் கோபம் வந்தது.

"என்ன மகன், ஏவாரத்துக்கு வந்த பொம்புளய அப்புடிப் பாக்குற?" என்றார்.

"நாடகத்துக்கு முதலாளி. பொம்மைப் பார்வை."

"அந்தப் பார்வைய நம்மட எதிர்க்கடை வாசல்ல போய் நின்டு பாரு. இங்க வாணாம்."

திருவிழாவுக்கு முந்தின நாள் அடுத்த இடி விழுந்தது. இரவு முழுவதும் இசைக்குழுவுக்கு வேண்டுமாம். கோவில் முற்றத்தில் அவர்கள் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கப் போகிறார்கள். கதிரைகளும் அங்கேதான். நாடகத்தை மத்தியானம் அன்னதானம் முடிந்த கையோடு, பெரட்டுக் களத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

"பட்டப்பகல்லயா?" மச்சானின் குரல் கிழிந்தது. "சோத்தத் தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு நிக்கிறவனை எப்படிங்க பயமுறுத்துறது?"

தலைவர் வானத்தைக் காட்டினார். "மழைக்காலம்தானே. இருட்டும்."

இருட்டவில்லை. அன்றைக்குப் பார்த்து வெயில், கல்யாண வீட்டு லைட் மாதிரி அடித்தது. பெரட்டுக் களத்திலிருந்து பார்த்தால் கீழே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி மொத்தமும் தெளிவாகத் தெரிந்தது. பேய்க்கு ஒளிந்துகொள்ள ஓர் அங்குல நிழல் இல்லை. என் முகத்தில் அப்பியிருந்த பவுடர் வியர்வையில் ஊறி, பிசைந்த மா மாதிரி கழுத்துக்கு இறங்கியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் டிவிசன் ஜனம் நல்ல ஜனம். தலைவர் போட்ட நிபந்தனை எல்லாக் காம்பராவுக்கும் எட்டியிருந்தது. அடுத்த காம்பரா அக்கா அன்னதானப் பந்தியிலேயே பிரச்சாரம் செய்திருக்கிறார். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க நாடகம்டி. யாரும் சிரிச்சுத் தொலைச்சிராதீங்க. சிரிப்பு வந்தா முந்தானையக் கடிச்சிக்கங்க."

கடித்துக்கொண்டார்கள். நாடகம் தொடங்கியதும் நான் தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்து மெதுவாக எழ வேண்டும். முதல் பாகத்தில் செய்த அதே பெட்டி. அதுதான் மச்சானின் பழைய இருட்டு. முதல் பாகத்தில் எனக்கு வயிறு இல்லை. இப்போது நான் எழுந்தேன், பெட்டியும் என்னோடு எழுந்தது. அடிப்பலகை கழன்று விழ, இடுப்பைச் சுற்றிப் பெட்டியோடு, கையில் கத்தியோடு வெயிலில் நின்றேன்.

சத்தம் வரவில்லை. ஆனால் முன்வரிசையில் தோள்கள் குலுங்கின. ஓர் அக்காவின் கண்ணில் தண்ணீர் ஓடியது. ஒருவர் திரும்பி நின்று தன் முதுகை எனக்குக் காட்டினார், முதுகும் சிரித்தது. என் மனைவி முந்தானையில் பாதியை வாய்க்குள் திணித்திருந்தாள். களத்தின் ஓரத்தில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இசைக்குழுக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

மச்சான் நிலைமையைக் காப்பாற்ற நினைத்து, பயங்கர இசையைப் போட்டார். வேறு ஸ்பீக்கர் கிடைக்காததால் அது பாண் வண்டியிலிருந்துதான் வர வேண்டும். அவர் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, வண்டி தன் வழக்கமான பாட்டைப் பாடியது.

பிள்ளைகள் அத்தனை பேரும் பொம்மையை விட்டுவிட்டு வண்டியை நோக்கி ஓடினார்கள். "மாமா, மாலு பணிஸ் இருக்கா? மாமா, எனக்கு ஒண்ணு!"

"இன்னைக்கு இல்லடா! போங்கடா! பேய் வருதுடா!" என்று மச்சான் வண்டிக்குள்ளிருந்து அலறினார்.

அடக்க முடியாமல் ஒருவர் மூக்கு வழியாகச் சிரித்து, அதை இருமலாக மாற்றினார். அந்த இருமல் தொற்றுநோய் மாதிரி பரவியது. களம் முழுவதும் இருமல். தலைவர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, இசைக்குழுக்காரரிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். அவர் முகத்தில் முடிவு எழுதியிருந்தது.

எனக்கு வசனம் மறந்துவிட்டது.

பெட்டியோடு இரண்டெட்டு நகர்ந்தேன். ஏன் அந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது. கால் போன பக்கம் போனேன். போய் நின்றது, தலைவர் காலையில் நின்று பெயர் கூப்பிடும் கல்படி. அதன் மேல் ஏறித் திரும்பியபோதுதான் கூட்டத்தை முழுதாகப் பார்த்தேன்.

கதிரைகள் இல்லாததால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை. ஆனால் அவரவர் காலையில் நிற்கிற இடத்தில்தான் நின்றார்கள். பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம், சொந்தக்காரர்கள் சேர்ந்து, பகைக்காரர்கள் தள்ளி. திருவிழாச் சேலையும் நகையும்தான் வித்தியாசம். மற்றபடி அது பெரட்டு.

பள்ளிக்கூடத்தை விட்ட புதிதில், கடைக்குப் போகும் முன்னால், நானும் அந்த வரிசையில் நின்றவன். தலைவரின் குரல் எங்கள் எல்லாருக்குள்ளும் இருக்கிறது. மூக்கால் வந்து, பெயரின் கடைசி எழுத்தை இழுத்து, யார் மேலும் அன்போ கோபமோ இல்லாமல் விழுகிற குரல். வாயில் வேறெதுவும் வராததால், அந்தக் குரலில், அடுத்த காம்பரா அக்காவின் பெயரைக் கூப்பிட்டேன்.

"இருக்கேன்!" என்றார் அக்கா. முந்தானை வாயிலிருந்து விழுந்தது.

அவருக்கு அடுத்து நின்றவரின் பெயரைக் கூப்பிட்டேன். "இருக்கேன்." அடுத்தவர். "இருக்கேன்." ஆண்கள் பக்கம் திரும்பினேன். அன்னதானச் சோற்று மயக்கத்தில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், கண் திறக்காமலே "இருக்கேன்" என்றார். பெயர்கள் ஓட்டமாக வந்தன. பதில்களும் ஓட்டமாக வந்தன. என் முகத்தில் உருகும் பவுடர், கையில் கத்தி, இடுப்பில் பெட்டி. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. காது கேட்டது, வாய் பதில் சொன்னது.

அப்போது பூசாரி கத்தினார்.

"அடேய்! பேய் ஒரு தடவைதாண்டா கூப்பிடும்! மூணாங் கூப்பாட்டுக்கு முன்னால ஏண்டா வாயத் தொறந்தீங்க?"

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மனிதன் மூன்று தடவை கூப்பிடுவான். பேய் ஒரு தடவை மட்டும் கூப்பிடும். அதற்குப் பதில் சொன்னால் நீ அதன் ஆள். அதனால்தான் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குக் காத்திருப்போம். பெரட்டில் மட்டும் காத்திருக்க முடியாது. காத்திருந்தால் பெயர் போகும், பெயர் போனால் நாள் சம்பளம் போகும். அதனால் அந்த ஒரு இடத்தில், அந்த ஒரு குரலுக்கு, எங்கள் ஜனம் முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லும். சொல்லிவிட்டார்கள். பொம்மைக்கு.

களம் அப்படியே உறைந்தது. இருமல் நின்றது. தூங்கியவர் கண்ணைத் திறந்தார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் இறங்கின. வண்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகள் ஓடிவந்து தாய்மாரின் சேலைக்குள் புகுந்தார்கள். அவ்வளவு வெயிலில் அடுத்த காம்பரா அக்கா குளிருக்குப் போர்த்துவது மாதிரி முந்தானையைப் போர்த்திக்கொண்டார். எனக்கு வடை ஊட்டிய அக்கா. என்னைப் பார்த்த பார்வையில் என்னை அவருக்குத் தெரியவே இல்லை.

எனக்கே பயம் வந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு பெயர் மிச்சமிருந்தது. எல்லார் பெயரையும் கூப்பிடுகிறவரின் பெயர். யாரும் அந்தக் களத்தில் ஒரு நாளும் கூப்பிட்டிராத பெயர். தலைவரை நேராகப் பார்த்து, அவர் குரலிலேயே, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றார் தலைவர். சொன்ன பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எல்லாரும் இருக்கீங்க" என்றேன். "சரி. மலைக்குப் போவோம்."

திரும்பி, தேயிலைக்குள் ஏறுகிற பாதையில் நடந்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஒரு அமைதியை நான் எந்தப் பாகத்திலும் கேட்டதில்லை. பத்தடி போயிருப்பேன். காலடிச் சத்தம் கேட்டது. யாரோ என்னைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். கூப்பிட்டதற்குப் பதில் சொன்ன யாரோ ஒருவர் உண்மையாகவே வேலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

நான் ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெட்டியோடு ஓடுவது எளிதல்ல. பெட்டி செடியில் சிக்க, நான் கவிழ்ந்து விழுந்தேன். கையிலிருந்த அட்டைக் கத்தியைத் தூக்கிக் காட்டி, "கிட்ட வராதே!" என்று கத்தினேன்.

சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மீசையோடு வந்து நின்றார் எங்கள் கதாநாயகி.

"யோவ், நீங்க பாட்டுக்குப் போறீங்க. என்னைய யாரு கொல்றது? காலையிலருந்து ரத்தத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்!"

வயிற்றில் கட்டியிருந்த சிவப்புச் சாயப் பையைக் காட்டினார். அவரைச் சமாதானப்படுத்த, அங்கேயே தேயிலைக்குள் வைத்து ஒரு முறை குத்தினேன். நன்றாகத்தான் விழுந்தார். பார்க்க யாரும் இல்லை.

நாங்கள் சுற்றுவழியாகக் கீழே இறங்கி வந்தபோது களம் காலியாக இருந்தது. மச்சான் மட்டும் பாண் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தரும் சிரிக்கல மச்சான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் எழுதினதுல ஒரு வரிகூட நீங்க பேசல. பரவாயில்ல. ஒருத்தரும் சிரிக்கல."

அன்று இரவு பதுளை இசைக்குழு நன்றாகத்தான் பாடியது. ஆட மட்டும் யாரும் முன்னால் வரவில்லை; எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள். நானும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கேலியாகப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களக் கண்டு நீங்களே பயப்பட்டா எப்படி?"

"நான் பயப்படல. உனக்குத் துணைக்குப் பிடிச்சிருக்கேன்."

"அப்ப விடுங்க, நான் பீலிக்குப் போய்ட்டு வர்றேன்."

நானும் கூடப் போனேன். உனக்குத் துணைக்கு என்று சொன்னேன்.

கமிட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடியது. நானும் மச்சானும் கோவில் சுவரோரம் குற்றவாளிகள் மாதிரி நின்றோம். பாண் பாட்டுக்கு வந்த இருமலைச் சிரிப்புக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதுதான் மச்சானின் கவலை. தலைவரின் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தது. குரல் கரகரத்தது.

"என் கெதியப் பாருங்க" என்றார். "திருவிழா முடிஞ்ச மறுநாள்லருந்து பெரட்டுல ஒருத்தனும் முத கூப்பாட்டுக்கு வாயத் தொறக்குறானில்ல. கண்ணு முன்னாலதான் நிக்கிறான். என்னையே பாக்குறான். ஆனா மூணு தடவை கூப்பிட்டாத்தான் 'இருக்கேன்'ங்கிறான். அத்தன பேருக்கும் மூணு தடவை! தொண்ட போச்சு."

"தலைவரே, அது வந்து…" என்று தொடங்கினேன்.

அந்த நேரத்தில் வெளியே வாசலிலிருந்து தலைவரின் வீட்டம்மா அவரைக் கூப்பிட்டார். பெயர் சொல்லி அல்ல, "ஏங்க" என்றுதான். தலைவர் அசையவில்லை. நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். "ஏங்க!" தலைவர் கோபுரத்தைப் பார்த்தார். "ஏங்க, காது கேக்கலையா? சாவிய எங்க வெச்சீங்க?"

"இருக்கேன்" என்றார் தலைவர். பிறகு சுதாரித்து, "சாவி ஆணியில இருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்குச் சாட்சி.

தலைவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "இருமினானுங்க. நான் பாத்தேன். ஆனா அது பாணுக்கு, பொம்மைக்கு இல்ல. பொம்மையப் பாத்து ஒருத்தனும் சிரிக்கல. நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த வருசமும் நாடகம் உண்டு."

மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை, சாமியும் தலைவரும் ஒரே பக்கம் இருந்தார்கள்.

"ஆனா ஒண்ணு" என்றார் தலைவர். "பொம்மை வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வரக் கூடாது. கொல்லட்டும், வெட்டட்டும், என்னமோ செய்யட்டும். பேசக் கூடாது."

நான் திகைத்துப்போனேன். "தலைவரே, ஒரு வசனமாவது…"

"ஒண்ணும் கெடையாது."

"செருமலாங்களா?"

"கூடாது."

மச்சானைத் துணைக்குப் பார்த்தேன். அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "மச்சான், ஊமைப் பொம்மை! இதவிட இருட்டு எங்க இருக்கு? நீங்க சும்மா நின்னாப் போதும். நான் எழுதுறேன் பாருங்க." அங்கேயே வண்டிக்குள் ஏறிவிட்டார். பாட்டைப் போடக்கூட மறந்து, பாதை இறக்கத்தில் சத்தமில்லாமல் போன அந்தப் பாண் வண்டியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன். நாடகம் தப்பியது, சரி. ஆனால் வருடத்தில் ஒரு நாள், டிவிசனே என்னைப் பார்க்கிற ஒரே நாள், நான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் என்ன நியாயம் என்று கேட்டேன். என் மாதிரி ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன்.

அவள் கொழுந்துக்கூடையின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"கஷ்டமான வேசந்தாங்க" என்றாள். "ஒத்திகைக்கு ஒரு வருசம் பத்தாது. இன்னைக்கே தொடங்கிருங்க."